பெரிய உடம்புக்குச் சைக்கிள் சரிவராதா? சில்லின் அளவு பிறந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. மஃரிபுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். வருடக்கணக்காகச் சைக்கிளைத் தொடாத பெரிய மனிதர்கள் மறுபடியும் பெடல் மிதித்த காலம் அது. ஆசிரியர்கள் நாங்களும் பாடசாலைக்குச் சைக்கிளில்தான் போய் வந்தோம். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் பலர் விட்டுவிட்டார்கள். அது வழமைதான்.

ஆனால் விட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் வேறு. ஆறடிக்கு மேல் உயரமும் நூறு கிலோவுக்கு மேல் நிறையும் உள்ளவர்கள் இவர்கள். ஆசையோடு கியர் சைக்கிள் வாங்கினார்கள். சில மாதங்களில் பின் சில்லில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. சில்லு நெளிந்து பிரேக்கில் உரசியது. சீட் பைப் வளைந்தது. திரும்பும்போது முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. திருத்தக் கொண்டுபோனால், "உங்கட உடம்புக்குச் சைக்கிள் சரிவராது" என்று பதில் வந்தது. அவர்களும் அதை நம்பிவிட்டார்கள்.

கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு மருந்து எழுதும் டொக்டர் உடம்பை அசைக்கச் சொல்கிறார். சைக்கிள் கடையோ இந்த உடம்போடு வராதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாப்பாமார் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். வகுப்பிலும் அப்படித்தான். எல்லோரையும் விட ஒரு தலை உயரமான, உடம்பான பிள்ளை சைக்கிளில் ஏறினால் மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை ஓட்டோவில் வருகிறது.

"உங்கட உடம்புக்குச் சரிவராது" என்ற அந்தப் பேச்சைத்தான் இன்று கொஞ்சம் விசாரித்துப் பார்க்கப் போகிறோம். சைக்கிளின் சரித்திரத்தைப் புரட்டினால் வேறு கதை கிடைக்கிறது.

முதலில் 150 வருடங்கள் பின்னால் போவோம். 1870களில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரம். முன் சில்லு ஆள் நெஞ்சு உயரம், பின் சில்லு ஒரு சாண் இரண்டு சாண். படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சைக்கிளுக்குச் செயின் கிடையாது. பெடல் நேரே முன் சில்லின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு தரம் மிதித்தால் சில்லு ஒரு தரம் சுற்றும். ஆகவே சில்லு பெரிதாக இருந்தால்தான் வேகம். எவ்வளவு பெரிதாக்கலாம்? ஓட்டுபவரின் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு. கால் நீளத்தை அளந்துதான் அந்தச் சைக்கிளை விற்றார்கள். 50 அங்குலம் ஒருவருக்கு, 56 அங்குலம் இன்னொருவருக்கு, நெடிய ஆளுக்கு 60 அங்குலம்.

கவனித்தீர்களா? சைக்கிள் உலகில் அன்று உயரமான மனிதர்தான் ராஜா. கால் நீண்டவருக்குப் பெரிய சில்லு, பெரிய சில்லுக்குக் கூடிய வேகம். குள்ளமானவர்தான் பின்தங்கினார்.

1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் அதே கொவென்ட்ரியில் "ரோவர்" என்ற சைக்கிளைச் செய்தார். பின் சில்லைச் செயினால் ஓட்டும், ஏறக்குறைய சம அளவான இரண்டு சில்லுகள் கொண்ட வண்டி. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வாப்பா அதுதான். வேகத்தை இனிமேல் பல்சக்கரம் பார்த்துக்கொள்ளும், சில்லு பெரிதாக இருக்கத் தேவையில்லை. 1888இல் பெல்பாஸ்டில் இருந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த டயரையும் கொண்டுவந்தார். இதனால் குள்ளமானவரும் பெண்களும் வயதானவர்களும் சைக்கிள் ஓட்ட முடிந்தது. பெரிய நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆளின் காலுக்கு ஏற்றபடி சில்லைத் தெரிவு செய்யும் பழக்கம் அந்த இடத்தில் முடிந்துபோனது.

இருந்தாலும் பழைய ஆங்கிலேயக் கம்பனிகள் பெரிய உடம்பை மறக்கவில்லை. நம் மூத்தப்பாமார் ஓட்டிய ரலி சைக்கிளை நினைத்துப் பாருங்கள். 28 அங்குலச் சில்லு. பிரேம் 22 அங்குலத்திலும் 24 அங்குலத்திலும் வந்தது. பெரிய பிரேம் முறுகாமல் இருக்க, மேலே இரண்டு பார் வைத்த "டபிள் பார்" சைக்கிள்களும் வந்தன. சின்ன வயதில் பாருக்குக் கீழால் காலை விட்டு நம்மவர்கள் ஓட்டப் பழகியதே, அந்தப் பிரேம் பெரிய ஆளுக்கென்று செய்யப்பட்டதால்தான்.

இன்னொரு விடயம். அந்தப் பழைய சைக்கிளின் கம்பிகளை எண்ணிப் பார்த்தால் முன் சில்லில் 32, பின் சில்லில் 40 இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? ஓட்டுபவரின் நிறையில் பெரும்பங்கு பின் சில்லில்தான் விழுகிறது. கரியரில் நெல் மூட்டையோ மீன் பெட்டியோ ஏற்றினால் அதுவும் பின்னால்தான். பாரம் எங்கே விழுகிறதோ அங்கே கம்பியைக் கூட்டினார்கள். இது நூறு வருடத்துக்கு முந்திய அறிவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நம்மூர்க் கியர் சைக்கிளின் மூலக் கதைக்கு வருவோம். அதன் உண்மைப் பெயர் மவுண்டன் பைக். மலையில் ஓட்டுவதற்கென்று பிறந்தது. பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி. சன் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டமல்பாய்ஸ் மலையை அண்டிய பகுதி.

1970களில் அங்கிருந்த சில இளைஞர்களுக்கு மலைப்பாதையில் சைக்கிளை வேகமாக இறக்கும் பைத்தியம் பிடித்தது. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் கல்லில் தாங்காது. பழைய சாமான் கடைகளில் தேடினார்கள். அங்கே கிடைத்தவை 1930கள், 40களில் செய்யப்பட்ட ஷ்வின் கம்பனிச் சைக்கிள்கள். தடித்த டயர், கனமான இரும்பு, அடிமட்ட விலை.

1976 ஒக்டோபர் 21இல் முதல் "ரீபெக்" ஓட்டப்போட்டி நடந்தது. மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் 400 மீற்றர் கீழே இறங்கும் மண்பாதை. பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், கீழே வந்து சேரும்போது உள்ளே இருந்த கிரீஸ் எரிந்து புகையும். மறுபடி கிரீஸ் நிரப்பித்தான் ஓட்ட வேண்டும். ரீபெக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிய பிரேம் ஒன்றைச் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டொம் ரிச்சி செய்த பிரேம்களை விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனி "ஸ்டம்ப்ஜம்பர்" என்ற சைக்கிளைத் தொகையாகச் சந்தைக்கு விட்டது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே இடம்பிடித்தது.

இருபது வருடத்தில் உலகம் முழுவதும் பரவிய இந்தச் சைக்கிளுக்கு எல்லோரும் ஒரே சில்லைத்தான் போட்டார்கள். 26 அங்குலம். ஐந்தடிக்காரருக்கும் 26, ஆறரை அடிக்காரருக்கும் 26.

அந்த 26 எங்கிருந்து வந்தது? பெரிய மனிதர்களை அளந்து பார்த்து வந்ததல்ல. 1933இல் சிகாகோவில் ஷ்வின் கம்பனி அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்று தடித்த "பலூன்" டயர் சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நாட்களில் அமெரிக்காவில் சைக்கிள் என்றால் பெரும்பாலும் பிள்ளைகளின் சாமான். பெரியவர்கள் காரில் போனார்கள். அந்தப் பிள்ளைச் சைக்கிளின் சில்லு அளவுதான் 26. மரின் இளைஞர்களுக்குக் கிடைத்த தடித்த டயர் அதற்கு மட்டும்தான் இருந்தது. அதனால் அவர்களும் 26. அவர்களைப் பார்த்துச் செய்த கம்பனிகளும் 26. 1933இல் பிள்ளைகளுக்குப் போட்ட அளவு, ஒருவரும் கேள்வி கேட்காமலே உலகத்தின் சட்டமாகிப் போனது.

கணக்குப் பாட ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஆறரை அடி மனிதர் 78 அங்குலம். ஐந்தரை அடி மனிதர் 66 அங்குலம். 78 அங்குல மனிதர் 26 அங்குலச் சில்லில் ஏறுவது, 66 அங்குல மனிதர் 22 அங்குலச் சில்லில் ஏறுவதற்குச் சமம். அதாவது தரம் 5 பிள்ளையின் சைக்கிளில் உங்களை ஏற்றிவிட்டு மலைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி. சீட்டை மேலே இழுத்தால் உடம்பு பின் சில்லுக்கு மேல் போய்விடும். மேட்டில் முன் சில்லு எழும்பும். இறக்கத்தில் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் வரும். ஓட்டத் தெரியாததால் வந்த பயம் அல்ல அது.

மாற்று யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் ஜெஃப் அப்ஸ் என்பவர் 1980களின் தொடக்கத்திலேயே, பின்லாந்தில் பனிப்பாதைக்கென்று செய்த பெரிய டயர்களைப் போட்டுச் சைக்கிள் செய்தார். அந்த டயர்களில் சிலவற்றைக் கலிபோர்னியாவுக்கும் அனுப்பினார். அங்குள்ளவர்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் பின்லாந்திலிருந்து டயர் ஒழுங்காக வந்து சேரவில்லை. வழி அடைபட்டது, 26 நிலைத்தது. இவ்வளவுதான் காரணம். விஞ்ஞானம் முடியாது என்று சொல்லவில்லை, டயர் வரவில்லை.

கொலராடோவில் லெனார்ட் ஸின் என்ற சைக்கிள் செய்பவர் ஆறடி ஆறு அங்குலம். தன் உடம்புக்குக் கடையில் சைக்கிள் கிடைக்காத ஆள். 1980களிலிருந்து நெடியவர்களுக்கும் பாரமானவர்களுக்கும் அளவெடுத்துப் பிரேம் செய்து கொடுத்தார். கால் நீண்டவருக்குக் கிராங்கும் நீளமாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். கடைச் சைக்கிளில் எல்லோருக்கும் 170 அல்லது 175 மில்லிமீற்றர் கிராங்க்தானே. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் வோல்டன் ஏறக்குறைய ஏழடி உயரம், பெரிய சைக்கிள் பிரியர். அவரும் அளவெடுத்துச் செய்த சைக்கிளில்தான் ஓடினார். காசுள்ளவருக்கு வழி இருந்தது. கடையில் வாங்குபவருக்கு இருக்கவில்லை.

கதவு திறந்தது 1999இல். டபிள்யூ.ரீ.பி. என்ற கலிபோர்னியக் கம்பனி "நெனோரெப்டர்" என்ற தடித்த டயரைச் செய்தது. அது 622 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. அந்த ரிம் புதியதல்ல, ரோட் ரேஸ் சைக்கிள்களில் பல காலமாக இருந்ததுதான். அதன்மேல் தடித்த டயரைப் போட்டதும் சில்லின் மொத்த உயரம் 29 அங்குலம் ஆனது. சிறிது காலத்தில் கேரி ஃபிஷர் கம்பனி 29 அங்குலச் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தது. முதலில் பலர் சிரித்தார்கள். நெடியவர்கள் சிரிக்கவில்லை, வாங்கினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் உயரமான வீரர் யாரொஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சில்லில் தங்கம் வென்றார். அவரை விடக் கட்டையான சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டர் 27.5 அங்குலச் சில்லில் ஒரு விநாடி பின்னால் வந்து வெள்ளி எடுத்தார். அவரவர் உடம்புக்கு அவரவர் சில்லு. இன்று 26 அங்குலம் பெரியவர்களின் நல்ல மவுண்டன் பைக்குகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் நாட்டுக்கு வரும் மலிவான கியர் சைக்கிள்களில் மட்டும் இன்னும் தாராளமாக இருக்கிறது.

உயரத்தின் கதை இது. நிறையின் கதை வேறு. அமெரிக்க ஓட்டப்போட்டிகளில் சுமார் 200 இறாத்தலுக்கு மேற்பட்ட ஆண்களுக்குக் "கிளைட்ஸ்டேல்" என்று தனிப் பிரிவு வைப்பார்கள். அது ஸ்கொட்லாந்தில் பாரம் இழுக்கும் பெரிய குதிரையின் பெயர். அந்தப் பெயரை அவர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். நம் வகுப்புப் பகிடிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாரம் தாங்கும் சைக்கிள் செய்ய முடியாது என்பது பொய். இதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் கம்பனியின் தாபகர்களில் ஒருவரான எஃப்.கே. டேயும் அவருடைய மனைவியும் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இலங்கையில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 24,000இற்கும் மேற்பட்ட சைக்கிள்கள் கொடுக்கப்பட்டன. மலைச் சைக்கிளுக்குக் கியர் செய்யும் அதே ஆட்கள்தான். இலங்கையில் தொடங்கிய அந்த வேலை பிறகு ஆபிரிக்காவுக்குப் போனது. அங்கே "பஃபலோ" என்ற சைக்கிளை உருவாக்கினார்கள். அதன் கரியர் மட்டும் 100 கிலோ தாங்கும். ஓட்டுபவரின் நிறை அதற்கு வெளியே. தடித்த கம்பி, தடித்த இரும்பு, அவ்வளவுதான் இரகசியம். நூறு கிலோ மூட்டையைத் தாங்கும் சைக்கிள் இருக்கும்போது, நூறு கிலோ மனிதருக்குச் சைக்கிள் சரிவராது என்று எப்படிச் சொல்வது?

சரி, நாளைக்கு ஒருவர் கடைக்குப் போகிறார். ஆறடிக்கு மேல், நூறு கிலோவுக்கு மேல். எதைப் பார்க்க வேண்டும்? மேலே சொன்ன சரித்திரமே வழி காட்டுகிறது.

ஒன்று, சில்லு. உயரமானவர் 29 அங்குலம் கேளுங்கள். ஆனால் சில்லு பெரிதாகும்போது அதே கம்பிக்குப் பலம் குறையும். ஆகவே கம்பியை எண்ணுங்கள். 32இற்குக் குறைந்தால் வேண்டாம். பின் சில்லுக்கு 36 கிடைத்தால் மிக நல்லது. ரிம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்கட்டும். புதுச் சைக்கிள் வாங்கி இரண்டு மூன்று வாரத்தில், சில்லு நேராக்கத் தெரிந்த கையிடம் கொடுத்துக் கம்பிகளைச் சமமாக இறுக்குங்கள். கம்பி அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் நிறை மட்டுமல்ல, இறுக்கம் தளர்ந்ததுதான்.

இரண்டு, பின் அச்சு. மலிவான சைக்கிளில் பல்சக்கரத் தொகுதி முழுவதும் ஹப்பில் திருகிப் பூட்டும் பழைய முறை இருக்கும். அதில் செயின் பக்கத்துப் பெயாரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் ஒரு நீளத்துக்குத் தாங்கல் இல்லை. பாரமானவருக்கு அது வளைகிறது. 1978இல் ஷிமானோ கொண்டுவந்த கசெட் முறையில் பெயாரிங் வெளி ஓரத்துக்கு வந்தது. "கசெட் ஹப்பா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மூன்று, பிரேம். எல் அல்லது எக்ஸ்எல் அளவு. சின்னப் பிரேமை வாங்கிச் சீட் பைப்பை இழுத்து நீட்டுவது ஆபத்து. பைப்பில் ஒரு கோடு இருக்கும், அதற்கு மேல் இழுக்கக் கூடாது. பிரேம் உடைவதும் பைப் முறிவதும் அங்கேதான். எழும்பி நின்று ஓட்டும்போது முழங்கால் ஹேண்டிலில் முட்டினால் அது உங்கள் பிரேம் அல்ல. சகோதரிகளுக்கும் ஒரு விடயம். லேடீஸ் பிரேமில் மேல் பார் இல்லாததால் முறுக்கம் கூடும். வாங்கினால், கீழ்ப் பைப்புகள் இரண்டும் தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு, நிறை எல்லை. நல்ல கம்பனிகள் கைந்நூலில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் 110 முதல் 136 கிலோ வரை இருக்கும். அது ஓட்டுபவருக்கு மட்டுமா, சைக்கிளும் சாமானும் சேர்த்தா என்று வாசித்துப் பாருங்கள். எழுதியே இல்லாத சைக்கிளை விட்டுவிடுங்கள்.

ஐந்து, முன்னால் உள்ள ஸ்பிரிங். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் நடுத்தர நிறைக்குச் செய்தது. பாரமானவர் ஏறியதும் அடியோடு அமுங்கிவிடும். காற்றழுத்தத்தால் இயங்கும் ஃபோர்க்கில் உங்கள் நிறைக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டலாம், விலைதான் கூட. நம்மூர்த் தார் வீதியில் ஓடுவதற்கு ஸ்பிரிங்கே இல்லாத உறுதியான இரும்பு ஃபோர்க்கும் தடித்த டயரும் அதைவிட நல்ல தெரிவு.

ஆறு, பிரேக். நிறை கூடினால் நிறுத்த வேண்டிய விசையும் கூடும், சூடும் கூடும். டிஸ்க் பிரேக் என்றால் தட்டு 160 மில்லிமீற்றரை விட 180 அல்லது 203 நல்லது. மலையகப் பக்கம் போகிறவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஹெல்மட்டை நெற்றியைச் சுற்றி அளந்து சென்ரிமீற்றரில் கேட்டு வாங்குங்கள். சீட்டைப் பொறுத்தவரை மெத்தையின் தடிப்பை விட, இடுப்பு எலும்பு இரண்டும் அமரும் அகலம்தான் முக்கியம்.

இவ்வளவுக்கும் புதுச் சைக்கிள் வாங்கக் காசில்லை என்றால்? வீட்டுப் பின்பக்கத்தில் மூத்தப்பாவின் டபிள் பார் துருப்பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். 28 அங்குலச் சில்லு, பின்னால் 40 கம்பி, 24 அங்குலப் பிரேம். இரும்புக்காரருக்குக் கிலோ கணக்கில் விற்றுவிடாதீர்கள். புது ரிம், புது டயர், புதுப் பிரேக் கட்டை போட்டால், நம் தட்டையான கரையோர வீதிகளில் பெரிய உடம்புள்ள ஒருவருக்கு அது இன்னும் பல வருடம் ஓடும்.

ஆசிரியர்களாக நாம் ஒன்று செய்யலாம். பாடசாலைக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகளில் யாருடைய சைக்கிள் உடம்புக்குச் சின்னதாக இருக்கிறது என்று ஒரு நாள் வாயிலில் நின்று பார்ப்போம். பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லாமல், வாப்பாவையோ உம்மாவையோ தனியாகக் கண்டு கதைப்போம். சைக்கிள் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடமும் ஒரு கோரிக்கை. அடுத்த முறை பெரிய உடம்பொடு ஒருவர் வந்தால், "சரிவராது" என்று சொல்லுமுன் பின் சில்லின் கம்பியை எண்ணிப் பாருங்கள். 36 கம்பி ரிம் இரண்டு மூன்றை வரவழைத்து வைத்தால், அதைத் தேடி வருபவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.